நாலு டிகிரி

நான் வரைவது செம்பை அல்ல,
செம்பைக் குடைந்தெடுத்த பின் மிஞ்சும் இடத்தை.
அதற்கு எடை இல்லை; பில்லிலும் வராது.
குடைந்த சுருளைத்தான் பழைய சாமான்காரர்
கிலோவுக்குப் பேரம் பேசிச்
சாக்கில் கட்டிக்கொண்டு போகிறார்.

ஒத்ததிர்வுக் குழி என்று அகராதியில் இருக்கிறது.
சௌடப்பா கிண்ணி என்பார்.
"கிண்ணி ரெடி மேடம்."
உள்ளங்கை அகலம், உட்புறம் கண்ணாடி.
குனிந்தால் என் முகம் மூக்கு பெருத்துத் தெரியும்.
அதற்குள் நுண்ணலை நொடிக்கு
இருநூற்று எண்பத்தைந்து கோடியே அறுபது லட்சம் தடவை
ஆட வேண்டும்.
ஐம்பதாயிரம் முன்பின் போனால் நான் பொறுப்பேன்.
அதற்கு மேல் எலக்ட்ரான் பொறுக்காது.
ஓடும் பஸ்ஸில் தொத்துகிறவன் அது:
கால் வைக்கும் கணத்தில்
வண்டி பின்னால் நகர்ந்தால் என்ன ஆகும்?

நேற்று ராத்திரி ஷிப்ட்.
ஓசூர் சிப்காட், மார்கழிக் குளிர்.
அளக்கும் அறையில் மட்டும் எப்போதும் இருபது டிகிரி.
அங்கே ஒரு கருங்கல் மேசை,
கிருஷ்ணகிரிக் குவாரியில் அறுத்த கல்;
தண்ணீர் விட்டால்
எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நிற்கும்.
அதில் வைத்து அளந்த கிண்ணியை
உறையிட்டு எடுத்துக்கொண்டு
நடையைத் தாண்டும்போது கரண்ட் போனது.
ஜெனரேட்டர் பையன் எங்கோ தூங்குகிறான்.
கீழே வைக்கப் பயம்.
ஒரு கீறல் விழுந்தால் பதினேழு நாள் உழைப்பு போச்சு.
ஸ்வெட்டரோடு சேர்த்து அணைத்துக்கொண்டு
இருட்டில் கால் மணி நேரம் நின்றேன்.
பெங்களூர் சாலையில் லாரிகள் கியர் மாற்றுவது கேட்டது.

விளக்கு வந்தது. மாட்டினேன்.
திரையில் கோடு பள்ளமாக விழுந்தது,
விழ வேண்டிய இடத்துக்கு
இருநூற்று ஐந்து கிலோஹெர்ட்ஸ் இடப்பக்கம்.

காற்றுக்குக் கழித்திருந்தேன்.
காற்றிலுள்ள ஈரத்துக்கும் கழித்திருந்தேன்.
"மூணு மைக்ரான் கூடக் குடைஞ்சிட்டீங்க."
மயிரிழையில் இருபதில் ஒரு பங்கு.
அரிசி கூடிவிட்டால் அள்ளிப் போடலாம்,
அறுத்த செம்பை எதைக் கொண்டு ஒட்டுவது?
இதையும் சொன்னேன். இதற்கு மேலும் சொன்னேன்.
ஆறு வருஷத்தில்
அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை.

சௌடப்பா லேத்தைப் பார்க்கவில்லை, என்னையும்.
"டீ குடிச்சிட்டு வந்து திட்டுங்க" என்றார்.

கேட்டுக்கு வெளியே கடை.
ரோஜா ஏற்றிய வேன் ஒன்று நின்றது.
குளிர்ச்சி இருக்கிறதா என்று டிரைவர்
அட்டைப் பெட்டிக்குள் கைவிட்டுக் கைவிட்டுப் பார்த்தான்.
"நீ தொட்டுத் தொட்டே வாட்டிடுவே போ"
என்றார் டீ ஆற்றுகிறவர்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

செம்பு ஒரு டிகிரி சூடேறினால்
நாற்பத்தெட்டரை கிலோஹெர்ட்ஸ் இறங்கும்.
இதைச் சொல்லிக் கொடுத்து
நேர்முகத்தில் எத்தனை பேரை மடக்கியிருக்கிறேன்!
இருநூற்று ஐந்தை வகுத்தால்
நாலும் கொஞ்சமும்.

ஓடவில்லை, நடந்தேதான் திரும்பினோம்.
அதற்குள் பள்ளம்
முக்கால் தூரம் வலப்பக்கம் வந்திருந்தது.
மீதிக்கு இரண்டு பேரும்
ஸ்டூலைப் பின்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்தோம்.
மூச்சைக்கூட அந்தப் பக்கம் விடவில்லை.
மூன்றரை மணிக்கு
அது தன் இடத்தில் வந்து நின்றது,
எங்கேயும் போகாதது மாதிரி.

குறிப்பேட்டில் காரணம் என்றொரு கட்டம் உண்டு.
கையாளுகையில் ஏற்பட்ட வெப்பம் என்று எழுதினேன்.
யார் கை என்று கேட்க அதில் கட்டம் இல்லை.
மன்னிப்புக் கேட்டேனா, நினைவில்லை.
டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

இன்று காலையிலிருந்து
கைப்பிடி வைத்த பெட்டி ஒன்று வரைகிறேன்,
கிண்ணியைத் தூக்கிப் போக.
சௌடப்பா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.
"உள்ள தெர்மாகோல் போடுங்க மேடம்,
ரோஜாவுக்குப் போடறாப்ல."